போனில் வந்த உத்தரவு, பைலில் என் கையெழுத்து

தென் மாவட்டம் ஒன்றில், மாநில அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கும் வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். ஊர், துறை, பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 41. குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர். உதவியாளராக இருந்த அதே பிரிவுக்கே கடந்த பிப்ரவரியில் கண்காணிப்பாளராகப் பதவி உயர்வு வந்தது. அந்தப் பிரிவில் கணக்கு இருக்கையைப் பார்ப்பவர் இவரைவிடப் பத்து வயது மூத்த உதவியாளர். துறைத் தேர்வை முடிக்காததால் பதவி உயர்வு தள்ளிப் போனவர். இவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் குறிப்பு எழுதக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அன்றிலிருந்து ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுகிறார். இப்போது அந்த அண்ணன் பைலை நகர்த்துவதில்லை. கேட்டால், “நான் சொல்லிக்கொடுத்த பிள்ளை, எனக்கே பாடம் எடுக்குது” என்று எல்லார் முன்னாலும் சிரிக்கிறார். சண்டை வேண்டாம் என்று இவரே இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து அவருடைய தபால்களையும் முடித்து வைத்து வந்திருக்கிறார்.

மார்ச் கடைசி வாரம் ஒரு நாள் மாலை, இவருடைய மேலதிகாரியான அலுவலர் போனில் கூப்பிட்டிருக்கிறார். நாற்காலி, இரும்பு அலமாரி வாங்கியதற்கு பில் போட வேண்டும், இல்லையென்றால் நிதி லாப்ஸ் ஆகிவிடும் (செலவழிக்காத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும்). மொத்தத் தொகைக்கு ஒரே பில் என்றால் மண்டல அலுவலக அனுமதி வேண்டும். “ரெண்டா பிரிச்சுப் போடுங்கம்மா, நான் பார்த்துக்கிறேன்” என்றாராம். அண்ணன் இரண்டு குறிப்பு எழுதினார், இவர் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். பிறகு தணிக்கை வந்தது. ஒரே கடை, ஒரே தேதி, இரண்டு பில். இப்போது மண்டல அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு இவர் பெயருக்கு மெமோ வந்திருக்கிறது. அவகாசம் 15 நாள். அலுவலர், “தெரியாம நடந்துடுச்சு, மன்னிச்சிடுங்கன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுத்துடுங்க, மேல நான் பேசிக்கிறேன்” என்கிறார். அண்ணனோ, “மேடம் சொன்னாங்க, எழுதினேன்” என்று பிரிவில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வேலை போய்விடுமா, மன்னிப்புக் கடிதம் கொடுக்கலாமா, பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடட்டுமா, சித்தப்பாவுக்குத் தெரிந்த எம்.எல்.ஏ. மூலம் மாறுதல் கேட்கட்டுமா என்பவை அவர் கேள்விகள். கூடவே ஒரு வரி: “எழுத்தில் உத்தரவு கேட்டால் மேலதிகாரியை எதிர்த்த மாதிரி ஆகிவிடாதா?”

சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரியில்தான் உங்கள் மொத்தப் பிரச்சினையும் இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் அந்த 15 நாளைப் பார்ப்போம். நீங்கள் எழுதிய தேதியை வைத்துப் பார்த்தால் இன்னும் ஒரு வாரம் கையில் இருக்கிறது.

மெமோ வேறு, 17(பி) வேறு

உங்களுக்கு வந்திருப்பது விளக்கம் கேட்கும் குறிப்பாணை. குற்றச்சாட்டுக் குறிப்பாணை அல்ல. கடிதம் முழுக்க ‘17(பி) வந்துவிட்டது’ என்றே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இணைத்த நகலில் அந்த விதி எண்ணே இல்லை. விளக்கம் திருப்தியாக இருந்தால் இதோடு முடியலாம். இல்லையென்றால் தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின்படி 17(ஏ) அல்லது 17(பி) பிரிவில் நடவடிக்கை தொடங்கலாம்.

17(ஏ) சிறு தண்டனைகளுக்கானது. கண்டனம், பின்விளைவு இல்லாத (அடுத்தடுத்த உயர்வுகளைப் பாதிக்காத) ஊதிய உயர்வு நிறுத்தம், அரசுக்கு இழப்பு இருந்தால் சம்பளத்தில் பிடித்தம் போன்றவை அதில் வரும். 17(பி) பெருந்தண்டனைகளுக்கானது. பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம், பணியறவு (மறுபடி அரசு வேலைக்கே வர முடியாத நீக்கம்) வரை போகும். ஆனால் 17(பி)-யில் தண்டனை அப்படியே வந்து விழாது. குற்றச்சாட்டு, அதற்கு உங்கள் எழுத்துப்பூர்வ பதில், விசாரணை அதிகாரி, சாட்சிகள், குறுக்கு விசாரணை, விசாரணை அறிக்கையின் நகல், அதன்மேல் மறுபடியும் உங்கள் விளக்கம் என்று இத்தனை படி இருக்கிறது. பொருள் வந்து இறங்கி, இருப்புப் பதிவேட்டில் ஏறி, விலையும் சந்தை விலைதான் என்றால், பில்லைப் பிரித்ததற்காக மட்டும் ஒருவரின் வேலையைப் பறிப்பது எளிதல்ல. அதே நேரம், 17(பி) நிலுவையில் இருந்தால் அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் ஏறுவது சிக்கலாகிவிடும். அதனால் இந்த மெமோவைக் கண்டு நடுங்கவும் வேண்டாம், ‘பார்த்துக்கலாம்’ என்று விடவும் வேண்டாம்.

தற்காலிகப் பணிநீக்கம் பற்றியும் பயந்திருக்கிறீர்கள். விளக்கம் கேட்கும் கட்டத்தில், தொகை கையாடல் என்ற புகாரே இல்லாதபோது, அது சாதாரணமாக நடப்பதில்லை. நடந்தாலும் காலவரையின்றி வைத்திருக்க முடியாது. சஸ்பெண்ட் செய்து 3 மாதத்துக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தரவில்லை என்றால் அதை நீட்டிக்கக் கூடாது என்று 2015-ல் அஜய் குமார் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்காக 91-வது நாள் காலையில் எல்லாம் தானாக ரத்தாகிவிடாது. அங்கேயும் மனு கொடுத்துப் போராடத்தான் வேண்டும்.

அந்த ‘ரெண்டு வரி’ வேண்டாம்

அலுவலர் சொன்ன மன்னிப்புக் கடிதத்தைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். வீட்டில், உறவில் மன்னிப்புக் கேட்டால் பிரச்சினை முடியும். ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பில் மன்னிப்புக் கேட்டால் அதற்குப் பெயர் ஒப்புதல். ‘குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியுள்ளார்’ என்று ஒரு குறிப்பு எழுதி, மேலே எதையும் விசாரிக்காமலே முடித்துவிடலாம். ‘தெரியாமல்’ என்று வேறு எழுதச் சொல்கிறார். பில்லைப் பிரிக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் கடிதத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். தெரிந்ததைத் தெரியாது என்று எழுதினால் இன்னொரு நாள் அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும்.

அலுவலர் கெட்ட எண்ணத்தோடு சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. மேலே பேசி முடித்துவிட முடியும் என்று உண்மையிலேயே அவர் நம்பலாம். ஆனால் அவர் அடுத்த மாதம் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டால் அந்த வாக்குறுதியும் அவரோடு போய்விடும். உங்கள் ரெண்டு வரி மட்டும் பைலில் இருக்கும்.

வேறு எப்படி எழுதுவது? முதல் வேலையாக, சம்பந்தப்பட்ட இரண்டு கோப்புகளையும், தணிக்கைத் தடையின் (தணிக்கையில் எழுப்பிய ஆட்சேபத்தின்) நகலையும், இருப்புப் பதிவேட்டின் பக்கத்தையும் பார்வையிடவும் நகல் எடுக்கவும் அனுமதி கேட்டு இன்றே ஒரு கடிதம் கொடுங்கள். அதிலேயே, ஆவணங்களைப் பார்த்த பிறகு விளக்கம் தர கூடுதல் அவகாசமும் கேளுங்கள். அவகாசம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் கெடு தாண்டிவிடக் கூடாது. பதில் வராவிட்டால், தெரிந்த விவரங்களை வைத்து ஓர் இடைக்கால விளக்கத்தையாவது கெடுவுக்குள் கொடுத்துவிடுங்கள்.

விளக்கம் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அழுகை, கோபம், குடும்பக் கஷ்டம், ‘20 வருட அப்பழுக்கற்ற சேவை’ எதுவும் வேண்டாம். என்ன நடந்தது என்பதைத் தேதிவாரியாக எழுதுங்கள். நடை இப்படி இருக்கலாம் (பட்டியல் என்றால் பில்):

“மேற்படி இரு பட்டியல்களும் மார்ச் மாதம் … நாளன்று, நிதியாண்டு முடிவதற்குள் சமர்ப்பிக்குமாறு அலுவலர் அவர்கள் தொலைபேசி வாயிலாக அறிவுறுத்தியதன் பேரில், பிரிவு உதவியாளரால் குறிப்பு தயாரிக்கப்பட்டு என் வழியாகச் சமர்ப்பிக்கப்பட்டன. அனுமதி ஆணை அலுவலர் அவர்களால் பிறப்பிக்கப்பட்டது. பொருட்கள் முழுமையாகப் பெறப்பட்டு இருப்புப் பதிவேட்டில் பதியப்பட்டுள்ளன. இதில் அரசுக்கு நிதியிழப்பு ஏதும் ஏற்படவில்லை. கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற குறுகிய காலத்தில், வாய்மொழி அறிவுறுத்தலைக் கோப்பில் பதிவு செய்யாமல் சமர்ப்பித்தது நடைமுறைக் குறைபாடு என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.”

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். நீங்கள் செய்த தவறு என்னவோ அதை மட்டும், அந்த அளவுக்கு மட்டும் சொல்கிறது. அடுத்தவர் தவறை உங்கள் தலையில் ஏற்றவில்லை. ‘அவர்தான் குற்றவாளி’ என்று யாரையும் சுட்டவும் இல்லை. ‘நிதியிழப்பு இல்லை’ என்ற வரியை, விலையை வேறு கடைகளின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து நிச்சயமான பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதினால் சார் பழிவாங்க மாட்டாரா என்று கேட்பீர்கள். மனம் கோணலாம். அன்றாட வேலையில் குடைச்சல் கொடுக்கலாம். அந்த ஆபத்து இல்லை என்று நான் சொன்னால் அது பொய். எழுதாவிட்டால் வரும் ஆபத்து அதைவிடப் பெரியது என்பதுதான் என் கணக்கு. அனுப்புவதற்கு முந்தின நாள் அவர் அறைக்குப் போய், “சார், நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கேன், உங்களைப் பற்றி வேறு எதுவும் எழுதலை” என்று நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்க வேண்டாம், தகவலாகச் சொன்னால் போதும். அவருக்கு அது பின்னால் வந்து குத்தின மாதிரி இருக்காது.

சார் கையெழுத்து எங்கேயும் இல்லையா?

‘நான் செய்து வைத்த போன் பதிவு தவிர, சார் சொன்னதற்கு ஆதாரமே இல்லை’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்த இரண்டு பில்லுக்கும் அனுமதி ஆணையில் கையெழுத்துப் போட்டது யார்? பணம் பெற்று வழங்கும் அலுவலர் யார்? ஐ.எஃப்.எச்.ஆர்.எம்.எஸ். என்ற அரசின் நிதி, பணியாளர் மேலாண்மை இணையதளத்தில் கடைசி ஒப்புதல் யாருடைய உள்நுழைவில் போனது? ஒரே நாளில் ஒரே கடைக்கு இரண்டு அனுமதி ஆணையில் கையெழுத்திட்டவருக்கு அது கண்ணில் படவில்லை என்று சொல்ல முடியாது. போனில் என்ன பேசினார் என்பதை நிரூபிக்காமலே அவருடைய பங்கு பைலில் இருக்கிறது. அண்ணன் விஷயமும் அப்படித்தான். ‘மேடம் சொன்னாங்க’ என்று அவர் எவ்வளவு சொன்னாலும், குறிப்பை யார் உருவாக்கினார், எத்தனை மணிக்கு யாருக்கு அனுப்பினார் என்பதை இ-ஆபீஸ் என்ற மின்கோப்பு முறை காட்டிவிடும்.

அதனால்தான் அந்த போன் பதிவுக்கு நீங்கள் கொடுக்கும் முக்கியத்துவத்தை நான் கொடுக்கவில்லை. அழிக்க வேண்டாம், பத்திரமாக வைத்திருங்கள். போன் மாற்றினால் பழைய போனையும் விற்காதீர்கள். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவைச் சான்றாக வைக்க 2023-ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். ஆனால் இப்போதே விளக்கத்தோடு அதை இணைத்தால், பேச்சு பில்லை விட்டுவிட்டு ‘மேலதிகாரி பேச்சைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தவர்’ என்பதில் போய் நிற்கும். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். கனவிலும் வேண்டாம்.

இன்னொன்று, இதைவிட முக்கியம். உங்கள் தோழி ஒருவர், பழைய தேதியிட்டு ‘அலுவலர் வாய்மொழி உத்தரவுப்படி’ என்று ஒரு குறிப்பை பைலில் செருகச் சொல்லியிருக்கிறார். இதுவரை உங்கள் மேல் இருப்பது ஒரு நடைமுறைக் குறை. அதைச் செய்த நிமிடத்திலிருந்து அது ஆவணத் திருத்தம், கிரிமினல் வழக்கு வரை போகக் கூடியது. எழுத வேண்டுமென்றால் இன்றைய தேதியில், ‘பதிவுக்காக’ என்று எழுதுங்கள். அதன் மதிப்பு கொஞ்சம் குறைவுதான். ஆனால் அது உண்மை.

எழுத்தில் கேட்பது எதிர்ப்பதா?

இல்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 3-வது விதி இதை நேராகவே சொல்கிறது. மேலதிகாரியின் உத்தரவு சாதாரணமாக எழுத்தில்தான் இருக்க வேண்டும். தவிர்க்க முடியாமல் வாயால் சொன்னால் உடனே எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். அப்படி உறுதி கேட்பது கீழே இருப்பவரின் கடமை. நீங்கள் மாநில அரசுப் பணியாளர், அந்த விதி உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது, 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள்தான் பொருந்தும். ஆனால் 2013 அக்டோபர் 31 அன்று டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது மத்திய அரசோடு நிற்கவில்லை, மாநில அரசுகளுக்கும் சேர்த்துத்தான் வழிகாட்டியது. அரசுப் பணியில் இருப்பவர் வாய்மொழி உத்தரவின்மேல் செயல்பட்டால் அதைக் கோப்பில் பதிய வேண்டும். பதியாமல் செய்தால் ‘அது என் முடிவல்ல’ என்று பிறகு சொல்ல முடியாது, அந்த ஆபத்து அவருடையதே. வழக்குப் போட்டவர்கள் எல்லாம் ஓய்வுபெற்ற உயர் அதிகாரிகள். முன்னாள் கேபினட் செயலாளரே இந்தப் பாதுகாப்பைக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார் என்றால், மாவட்ட அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர் கேட்பதில் என்ன தப்பு?

தப்பு கேட்பதில் இல்லை, கேட்கும் விதத்தில் வரலாம். “சார், எழுதிக் கொடுங்க, அப்பதான் செய்வேன்” என்று அறை வாசலில் நின்று சொன்னால் அது சவால். எந்த அலுவலரும் பத்துப் பேர் முன்னால் அதை ரசிக்க மாட்டார். அதே காரியத்தைக் குறிப்பில் செய்யலாம். போனில் “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு, பைலில் இப்படி எழுதுங்கள்:

“அலுவலர் அவர்கள் இன்று மாலை தொலைபேசியில் அறிவுறுத்தியவாறு கோப்பு சமர்ப்பிக்கப்படுகிறது. இரு பட்டியல்களும் ஒரே நிறுவனத்திடம் ஒரே நாளில் கொள்முதல் செய்தவை. மொத்தத் தொகை மண்டல அலுவலக அனுமதி வரம்பில் வருகிறது. எனவே மண்டல அலுவலக அனுமதி கோரலாமா, அல்லது அறிவுறுத்தியவாறு தனித்தனியே அனுமதிக்கலாமா என்பதற்கு ஆணை வேண்டப்படுகிறது.”

இதில் மறுப்பும் இல்லை, புகாரும் இல்லை. விதி என்ன என்று சொல்லிவிட்டீர்கள், முடிவை முடிவெடுக்க வேண்டியவர் மேசையில் வைத்துவிட்டீர்கள். பெரும்பாலான அலுவலர்கள் இப்படி ஒரு குறிப்பைப் பார்த்ததும், “சரி, மேலேயே அனுப்பிடுங்க” என்பார்கள். அவர்களுக்கும் ஓய்வூதியம் இருக்கிறது. குறிப்பை மாற்றி எழுதச் சொன்னால், “நீங்களே கீழே ஆணை எழுதிடுங்க சார், நான் உடனே பில் போட்டுடறேன்” என்று சொல்லலாம். அதற்கும் மேல் அழுத்தினால் அந்த ஒரு நாள் கசப்புதான். இந்தக் கோப்புக் குறிப்புகள் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வெளியே வரக்கூடியவை என்பது எல்லா அலுவலருக்கும் தெரியும்.

மார்ச் மாதத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பீர்கள். மேலே இருப்பது நான்கு வரி. பிப்ரவரியிலேயே எந்தத் தலைப்பில் எவ்வளவு நிதி மிச்சம் என்று ஒரு பட்டியலை அலுவலருக்கு வைத்துவிட்டால், மார்ச் கடைசி வார மாலை போன் பாதி குறைந்துவிடும். உங்கள் நாற்காலியின் வேலை அதுதான்.

அண்ணன்

அண்ணன் விஷயத்தில் உங்கள்மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம். அவரை ‘அண்ணே’ என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு ‘மிஸ்டர்’ போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மரியாதையைக் குறைத்து அதிகாரத்தைக் கூட்ட முடியாது. உங்களைப் பலவீனப்படுத்தியது அந்த ‘அண்ணே’ அல்ல, அவர் வேலையை நீங்கள் செய்து கொடுத்தது. அதை விட்டுக்கொடுத்தல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பதிவேட்டில் அது எப்படித் தெரிகிறது பாருங்கள்: அவருடைய தன்பதிவேட்டில் (அவர் இருக்கைக்கு வரும் தபால்களைப் பதியும் பதிவேட்டில்) நிலுவையே இல்லை, அவர் நல்ல பணியாளர்! நாளைக்கு அவர் வேலை செய்வதில்லை என்று நீங்கள் எழுதினால் நம்ப யாருக்கும் காரணம் இருக்காது.

அவருடைய பக்கத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள். 51 வயதில், தான் கற்றுக்கொடுத்த பெண்ணிடம் குறிப்பு வைத்து நிற்பது லேசான காரியம் இல்லை. தேர்வு தேறாதது அவர் பொறுப்புதான், ஆனாலும் வலி வலிதான். பிரிவில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு டீயோடு உட்கார்ந்து நேராகப் பேசுங்கள். “அண்ணே, எனக்குக் குறிப்பு எழுதச் சொல்லிக்கொடுத்தது நீங்கதான், அதை மறக்கலை. ஆனா நாலு பேர் முன்னால என்னைப் பிள்ளைன்னு சொல்லாதீங்க. ஏதாவது தப்புன்னா உள்ள வந்து சொல்லுங்க, கேட்டுக்கறேன். பைல் மட்டும் தேதிக்கு வந்துடணும்.” இவ்வளவுதான். பில் விவகாரத்தை அன்றைக்கு எடுக்காதீர்கள், இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும். துறைத் தேர்வை இந்த முறை எழுதும்படி சொல்லிப் பாருங்கள், படிக்க விடுப்பு வேண்டுமென்றால் நீங்களே பரிந்துரைக்கலாம். ஒருவேளை அங்கேதான் மனம் இளகும்.

இளகவில்லை என்றால் பதிவேடுதான். எல்லா இருக்கையின் தன்பதிவேட்டையும் வாரம் ஒரு நாள் குறித்து ஆய்வு செய்யுங்கள். அவருடையதை மட்டும் அல்ல, எல்லாருடையதையும். நிலுவையைச் சிவப்பு மையில் குறித்து, முடிக்க ஒரு தேதி போட்டுச் சுருக்கொப்பம் இடுங்கள். அடுத்த வாரம் அதே நிலுவை இருந்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். அதன் பிறகும் என்றால் அலுவலருக்குக் குறிப்பு வையுங்கள். எட்டு மணி வரை உட்காருவதை மட்டும் நாளைக்கே நிறுத்துங்கள். சில தபால் தாமதமாகும், ஒன்றிரண்டு நினைவூட்டுக் கடிதம் வரும். வரட்டும், யார் இருக்கையில் நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

கடிதத்தின் நடுவில் ஒரு விஷயத்தைப் பட்டும் படாமலும் எழுதியிருக்கிறீர்கள்: ‘யாரைப் பிடிச்சு இந்த சீட்டுக்கு வந்தாங்களோ’ என்று அவர் அருவருப்பான தொனியில் சொன்னதாக. ‘பிள்ளை’ என்பது மரியாதைக் குறைவு. இது வேறு. பாலியல் சாயலுள்ள பேச்சு 2013-ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் வரம்பில் வரலாம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். என்ன சொன்னார், எந்தத் தேதி, யார் கேட்டார்கள் என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுப்பதா என்பது உங்கள் முடிவு. ஆனால் பைல் தாமதத்துக்கு மருந்தாக இந்தச் சட்டத்தைக் கையில் எடுக்காதீர்கள். அப்படி எடுத்தால் உண்மையான புகாரும் நீர்த்துப் போகும்.

உரிமைவிடல், மாறுதல், எம்.எல்.ஏ.

பதவி உயர்வை உரிமைவிடல் செய்தாலும், அதாவது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும், இந்த மெமோ போகாது. கையெழுத்து கண்காணிப்பாளராகப் போட்டது, கேள்வியும் அதற்குத்தான். உதவியாளர் நாற்காலிக்குத் திரும்பினாலும் விளக்கம் கொடுத்தே ஆக வேண்டும். இடையில் இளையவர்கள் மேலே போய்விடுவார்கள். பிறகு மனம் மாறினால் அந்த இடம் திரும்பக் கிடைக்காது. சட்டம் இதை அனுமதிக்கிறது, பலர் குடும்பக் காரணத்துக்காகச் செய்கிறார்கள், அதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால் பயத்தில் செய்யக் கூடாது. மெமோ முடியும் வரை அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மாறுதல் கேட்பது நியாயமான வழி. மெமோவுக்கு விளக்கம் கொடுத்த பிறகு, உரிய வழியில் கேளுங்கள். முன்னால் கேட்டால் ஓடுவது போல இருக்கும். உங்கள் பதவிக்குப் பணிமூப்பு மாவட்ட அளவிலா மாநில அளவிலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சொந்த விருப்பத்தில் வேறு அலகுக்குப் போனால் பணிமூப்பில் அடிமட்டத்துக்குப் போக நேரலாம். அதற்கு மாறாக, உங்களைக் கேட்காமல் தூக்கி எங்கோ போட்டால் நீதிமன்றம் தடை கொடுத்துவிடும் என்று நம்பியிருக்கிறீர்கள். அது அவ்வளவு சுலபம் இல்லை. மாறுதல் பணியின் ஓர் அங்கம், உள்நோக்கம் அல்லது விதிமீறல் தெளிவாக இருந்தால் ஒழிய தலையிட மாட்டோம் என்பதே நீதிமன்றங்களின் நிலை. போய்ச் சேர்ந்துவிட்டு மனு கொடு என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுவரை போக வேண்டி வந்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. அதற்கு முன் துறைக்குள்ளேயே மேல்முறையீடு செய்தீர்களா என்று அங்கே முதலில் கேட்பார்கள்.

எம்.எல்.ஏ. கடிதம் வேண்டாம். பணி விஷயத்தில் வெளியார் செல்வாக்கைக் கொண்டுவருவது நடத்தை விதிகளின்படியே தவறு. ஏற்கெனவே ஒரு மெமோ இருக்கும்போது இரண்டாவதற்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுப்பானேன். சித்தப்பாவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இன்று மாலையே போன் செய்து நிறுத்துங்கள்.

இரவில் தூக்கமில்லை, காலையில் அலுவலக வாசலைப் பார்த்ததும் நெஞ்சு படபடக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதில் என் ஆலோசனை உதவாது. 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. படபடப்பு தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். விடுப்பு எடுப்பதானால் மெமோவுக்குப் பதில் கொடுத்துவிட்டு எடுங்கள்.

விளக்கத்தை உரிய வழியில், உங்கள் அலுவலகத் தபாலிலேயே கொடுத்து, நகலில் தேதி முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே தாமதிப்பார்கள் என்று தோன்றினால் ஒரு முன்நகலை மண்டல அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதை வீட்டில் வையுங்கள், அலுவலக மேசையில் அல்ல. கோப்புகளைப் பார்த்த பிறகு, அனுமதி ஆணைகளின் நகலோடு விளக்க வரைவை எனக்கு அனுப்பினால் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.